பிரிவு 299 நீங்கினால் பிள்ளையார்பட்டிக்கு என்ன குறை?

கோட்டையூரான்:
மத உணர்வைத் தீய நோக்கத்துடன் புண்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவு, 2024 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதை நீக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் திருநீறு பூசாமல் வீட்டுப்படி இறங்காதவன். 1953இல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். ஆனாலும் பிள்ளையார்பட்டியில் இன்றும் சதுர்த்தியன்று முக்குறுணி அரிசி மோதகத்தைப் பலர் சேர்ந்து சுமந்து வந்து கற்பக விநாயகருக்குப் படைக்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றங்கள் சட்டத்தை மிகக் குறுக்கிப் பொருள்கொண்டன என்றும், தமக்கு உடன்பாடு இல்லாவிடினும் பிறர் நம்பிக்கையை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்றும் 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருங்கோயில் உள்ள நமக்குச் சட்டம் வேண்டாதிருக்கலாம். ஊரில் நாலு வீடு மட்டுமே உள்ள மதத்தார் தங்கள் நபியையோ தேவனையோ ஒருவர் இழித்துப் பேசினால் எங்கே போவார்கள்?

கோட்டையூரான்:
ஆச்சி, நீங்கள் சொன்ன தீர்ப்பு முதன்மையாக வழிபடு பொருளை உடைப்பது பற்றிய பிரிவு 295ஐ ஒட்டியது. அது இன்று 298 ஆக உள்ளது. வழிபாட்டிடத்தையும் வழிபடு பொருளையும் காக்கும் அந்தப் பிரிவு இருக்கட்டும். நான் நீக்கச் சொல்வது, சொல்லுக்குச் சிறை தருவதை மட்டும். லாகூரில் நபியைப் பற்றிய ஒரு நூலின் பதிப்பாளர் விடுதலையானதால் எழுந்த கொந்தளிப்பில்தான் 1927இல் 295அ பிறந்தது. சட்டம் வந்த பிறகும், 1929இல், அந்தப் பதிப்பாளர் கொல்லப்பட்டார்.

இன்னொன்றையும் நேரில் பார்த்தேன். எங்கள் பக்கத்து அச்சகக்காரர் ஒரு துண்டறிக்கை அச்சிட்டதற்காகக் காவல் நிலையப் பெஞ்சில் மாலை வரை உட்கார வைக்கப்பட்டார். வழக்கு ஏதும் பதியவில்லை. ஆனால் அன்று முதல், கோயில் கணக்கைக் கேட்கும் அறிக்கையைக்கூட அவர் தொடுவதில்லை. பக்தன் கேட்கும் நியாயமான கேள்விக்கும் வாய்ப்பூட்டு விழுகிறது.

தேவகோட்டை ஆச்சி:
அச்சகக்காரர் பட்டது தவறுதான். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கைதுக்கு அது வேண்டியதில்லை என்பதே ஓட்டை. கைதுக்கும் அனுமதி கட்டாயம் என்று திருத்துங்கள், ஒப்புக்கொள்கிறேன். நீக்குவதற்கு மட்டும் என் மனம் இடம் தரவில்லை.

கோட்டையூரான்:
அனுமதி தருபவர் ஆளுங்கட்சிதானே, ஆச்சி? சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் பெரியாரோடு கருத்தால் மோதினார், நட்பும் பாராட்டினார். அதற்கு அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.