நொட் கிவின்

குழு: வைரவர் கோயிலடி ஒழுங்கை, கொக்குவில்

சனி, பின்னேரம்

மூலை வீட்டு அன்ரி (6.52): ரீச்சர் நிக்கிறியளோ? பிள்ளைக்கு ஐஈஎல்ரிஎஸ் இங்கிலீஷ் சோதினை றிசல்ற்ஸ் 6.5 எண்டு ஒழுங்கை முழுக்க லட்டு குடுத்தனானல்லோ. இப்ப ஏஜென்சிக்காரன் சொல்லுறான் வெளிநாட்டுக் கம்பசுக்குக் காணாதாம்.

ரீச்சர் அக்கா (6.58): லட்டு நல்லாயிருந்தது. தனித்தனிய என்ன வந்தது?

மூலை வீட்டுச் சின்னவள் (7.01): லிசினிங் 7, றீடிங் 6, றைற்றிங் 5.5, ஸ்பீக்கிங் 6.5

ரீச்சர் அக்கா (7.03): கூட்டினா 25. நாலால பிரிச்சா 6.25. கால் வந்தா அரைக்கு ஏத்தி விடுவினம், அதுதான் 6.5. ஆனா கம்பஸ் ஒவ்வொண்டுக்கும் தனிய 6 கேட்டிருக்கும், என்ன?

மூலை வீட்டுச் சின்னவள் (7.03): ஓம் ரீச்சர். ஒண்டும் 6க்குக் குறையக் கூடாதாம்

மூலை வீட்டு அன்ரி (7.04): அரை பொயின்ருக்கு இவ்வளவு காசும் திரும்பக் கட்டுறதோ 😭

டொரொண்டோ தம்பி (7.09): அக்கா கொம்பியூட்டரில எழுதியிருந்தா இப்ப ஒரு பகுதியை மட்டும் திரும்ப எடுக்கலாமே, 60 நாளுக்குள்ள. வேலையில நிக்கிறன், கோப்பி பிரேக்

ரீச்சர் அக்கா (7.11): எல்லா இடத்திலயும் இல்லைத் தம்பி. அந்தக் கம்பஸ் அதை ஏற்குமோ எண்டு முதல் கேளுங்கோ, பிறகு காசைக் கட்டுங்கோ. சின்னவள், றைற்றிங்கில ரைமை எப்பிடிப் பிரிச்சனி?

மூலை வீட்டுச் சின்னவள் (7.13): முதலாவது கேள்வி, கிராஃபுக்கு 35 நிமிசம் போட்டுது. மிச்சத்தில கட்டுரை

ரீச்சர் அக்கா (7.15): அங்கதான் விழுந்திருக்கிறாய். ஒரு மணித்தியாலத்தில முதலாவதுக்கு 20, ரெண்டாவதுக்கு 40. முதலாவது 150 சொல்லு, ரெண்டாவது 250. புள்ளியில ரெண்டாவது முதலாவதின்ர ரெண்டு மடங்கு. நீ குட்டிக்குப் பால் பருக்கிப்போட்டுத் தாயைப் பட்டினி போட்டிட்டாய்.

ஓய்வு மாஸ்ரர் (7.18): பிள்ளை கட்டுரை பாடமாக்கேல்லையோ?

மூலை வீட்டுச் சின்னவள் (7.19): பாடமாக்கினனான் மாஸ்ரர். ரியூட்டறியில 40 கட்டுரை தந்தவை. எனக்கு வந்த தலைப்பு அதில இல்லை. கிட்டத்தட்ட வாற ஒண்டைத் திருப்பி எழுதினன்

ரீச்சர் அக்கா (7.21): அது வாசிக்கிறவைக்கு ரெண்டாம் வரியிலயே தெரிஞ்சிடும். முகவுரை சீமான் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, நடுப்பகுதி ஒழுங்கைப் பெடியன் மாதிரி. நாலு விசயத்துக்குத்தான் புள்ளி, நாலுக்கும் சமனா. கேட்டதுக்கு விடை சொன்னியோ, கோர்வை, சொல்வளம், இலக்கணம். பாடமாக்கினது முதலாவதிலயே அடி வாங்கும்.

ஓய்வு மாஸ்ரர் (7.24): நாங்கள் தேவாரம், வாய்ப்பாடு எல்லாம் பாடமாக்கித்தான் ஆள் ஆனனாங்கள்.

ரீச்சர் அக்கா (7.26): அது சரி மாஸ்ரர். தேவாரம் கேள்வி கேக்கிறேல்லை 🙂 இணைக்கிற சொல்லுகளைப் பாடமாக்கட்டும், கட்டுரையை வேண்டாம்.

ஓய்வு மாஸ்ரர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கடை அண்ணை (7.30): நாளைக்குப் பாண் 6 மணிக்கு வரும். சொல்லி வைக்கிறவை இப்ப சொல்லுங்கோ

மூலை வீட்டு அன்ரி (7.31): எங்களுக்கு ரெண்டு றாத்தல். ரீச்சர், றீடிங்கும் 6 தானே, அதுவும் ஆபத்தோ?

ரீச்சர் அக்கா (7.33): மயிரிழை. 40 கேள்வியில கிட்டத்தட்ட 23 சரியெண்டா 6, 30 சரியெண்டா 7. திரும்ப முழுக்க எடுக்கிறதெண்டா அதையும் பாக்கோணும். எங்க விட்டனி பிள்ளை?

மூலை வீட்டுச் சின்னவள் (7.36): கடைசி 6 விடையைக் கேள்வித்தாளிலயே எழுதி வைச்சிருந்தன். விடைத்தாளுக்கு மாத்த ரைம் தருவினம் எண்டு இருந்தன் 🙈 பிறகு பந்தியைப் பாத்து வசனத்துக்கு ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவின் போடுற கேள்வி. ட்ரூ, ஃபோல்ஸ் விளங்குது, மூண்டாவது விளங்கேல்லை

ரீச்சர் அக்கா (7.38): மாத்த 10 நிமிசம் தாறது லிசினிங்குக்கு, அதுவும் பேப்பரில எழுதினா மட்டும். றீடிங்கில 60 நிமிசம் முடிஞ்சா முடிஞ்சதுதான். நேர விடைத்தாளில எழுது. பிழைக்குப் புள்ளி கழிக்கிறேல்லை, அதால ஒண்டையும் வெறுமையா விடாதை. ரெண்டு சொல்லுக்கு மேல வேண்டாம் எண்டு போட்டிருந்தா மூண்டு எழுதாதை, விடை சரியெண்டாலும் பிழைதான்.

ரீச்சர் அக்கா (7.44): நொட் கிவினுக்கு எல்லாரும் வாங்கோ. பந்தி இது: "ஒழுங்கை முகப்பில் உள்ள காணியில் வீடொன்று கட்டப்படுகிறது. தை மாதத்தில் அத்திவாரம் போடப்பட்டது. கூரை வேலை இன்னும் முடியவில்லை."
வசனம் ஒண்டு: வீட்டு வேலை முற்றாக முடிந்துவிட்டது.
வசனம் ரெண்டு: வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் வசிக்கிறார்.

மூலை வீட்டு அன்ரி (7.45): முதலாவது ஃபோல்ஸ். ரெண்டாவது ட்ரூ. சுவிஸ்

கடை அண்ணை (7.45): ட்ரூ. சீமெந்துக் காசு சுவிசில இருந்துதான் வருது, நான்தானே குடுக்கிறனான்

டொரொண்டோ தம்பி (7.46): ட்ரூ. என்னோட படிச்சவன்

ஓய்வு மாஸ்ரர் (7.47): ட்ரூ.

ரீச்சர் அக்கா (7.48): பந்தியில சுவிஸ் எங்க இருக்கு?

ஓய்வு மாஸ்ரர் (7.50): பந்தியில இல்லை. ஆனா உண்மை.

ரீச்சர் அக்கா (7.51): உண்மைதான் மாஸ்ரர். விடை நொட் கிவின். பந்தி எதிர்மாறாச் சொன்னா ஃபோல்ஸ். பந்தி வாயே திறக்காட்டி நொட் கிவின். கூடத் தெரிஞ்ச ஆக்கள்தான் இதில கூட விழுகினம்.

டொரொண்டோ தம்பி (7.52): ஒழுங்கை முழுக்க ஃபெயில் 😂

மூலை வீட்டுச் சின்னவள் (7.53): ரீச்சர் நான் நொட் கிவின் எண்டுதான் நினைச்சன். அம்மா பக்கத்தில இருந்து ட்ரூ ட்ரூ எண்டவா

ரீச்சர் அக்கா (7.55): அப்ப றீடிங்குக்குப் பயமில்லை. இண்டைக்கு ராவைக்கு ஒரு கட்டுரை. புத்தகத்தை மூடிப்போட்டு 40 நிமிசம். தலைப்பு: இளம் ஆக்கள் ஊரை விட்டுப் போறதால நன்மை கூடவோ தீமை கூடவோ. கேள்வியிலயே போட்டிருக்கும், உன்ர அனுபவத்தில இருந்து உதாரணம் தா எண்டு. லண்டன், நியூயோர்க் எழுதாதை. நீ பாத்ததை எழுது.

மூலை வீட்டு அன்ரி (7.57): கோயில் ஸ்பீக்கர் கத்துது. ஐயரிட்டைச் சொல்லிக் குறைக்கட்டோ?

ரீச்சர் அக்கா (7.58): வேண்டாம். சோதினை மண்டபத்திலயும் ஆரும் ஒராள் இருமிக்கொண்டுதான் இருப்பினம்.

ஞாயிறு, காலமை

மூலை வீட்டுச் சின்னவள் (6.20): 📷 3 படங்கள்

மூலை வீட்டுச் சின்னவள் (6.20): 263 சொல்லு. 41 நிமிசம் எடுத்தது

ரீச்சர் அக்கா (7.05): வாசிச்சன். முகவுரையில ரெண்டு வசனம் ரியூட்டறிப் புத்தகம், வெட்டு. ரெண்டாம் பந்தி பரவாயில்லை, காசு வாற கதை. மூண்டாம் பந்தியில எங்கட ஒழுங்கையில 11 வீடு, அதில 4 பூட்டிக் கிடக்கு, ரெண்டு வீட்டுக் கிணறு தூந்துபோச்சு எண்டு எழுதியிருக்கிறாய். அதில கை வைக்காதை. வீட்டுக்குப் பன்மை போட மறந்திட்டாய், அதை மட்டும் திருத்து.

டொரொண்டோ தம்பி (7.09): அந்த நாலில ஒண்டு எங்கட

கடை அண்ணை (7.12): பாண் வந்திட்டுது

மூலை வீட்டு அன்ரி (7.15): நாலு இல்லைப் பிள்ளை, அஞ்சு. தபால்காரர் வீடும் போன கிழமை பூட்டினது.

மூலை வீட்டுச் சின்னவள் (7.16): ஓம் அம்மா. 5 எண்டு மாத்திறன்