பைத்தான் 2-லிருந்து 3-க்கு மாறியவர்கள்: எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (கேரளம்):

எங்கள் பக்கத்துப் பால் சொசைட்டி ஒன்றின் கணக்கு, பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7-இல், அதில் இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஜாங்கோவின் 1.4-இல் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. ஓடுகிறதை எதற்குக் கிளறுவானேன் என்பார் செயலாளர். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்ட பிறகுதான் வேலை என்னிடம் வந்தது.

ஒரே தாவாகத் தாவவில்லை. பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடும் கடைசி ஜாங்கோ 1.11 என்பதால், மொழியை மாற்றாமல் முதலில் அதுவரை ஏறினேன். 1.7-இல் சௌத் என்ற தனிச் சேர்க்கை போய், மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலை) ஜாங்கோவுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தப் படியில்தான் மூச்சு வாங்கியது. அப்புறம் பைத்தான் 3. ஜாங்கோ 2.0 பைத்தான் 3-ஐ மட்டுமே ஏற்கும், ஆகவே 2.0-க்கு ஏறுவது கடைசி.

ப்ரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவது மாதிரி சில்லறை வேலைகளை பைத்தான் 2 நிரலை 3-க்கு மாற்றித் தரும் டூ-டு-த்ரீ கருவியே பார்த்துக்கொண்டது. புரோகிராம் நின்றுபோனால் எனக்குக் கவலை இல்லை, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். வாயைத் திறக்காமல் தப்புக் கணக்குப் போடுவதுதான் பயம்.

அதற்காக ஒரு பட்டுவாடாவைப் பழையதிலும் புதியதிலும் சேர்த்தே ஓட்டினோம். கணக்கெழுதும் சேச்சி இரண்டு லிஸ்ட்டையும் விரித்து வைத்துப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். "இதெந்தா, சில பேருக்கு மட்டும் ஒரு ரூபாய் குறையுது?" என்றார். பார்த்தால் எல்லாம் ஐம்பது பைசாவில் முடிகிற தொகைகள். 312.50 முன்பு 313 ஆனது, இப்போது 312. ஆனால் 313.50 இரண்டிலுமே 314! ரவுண்ட் செய்வதில் பைத்தான் 3 விதியையே மாற்றியிருக்கிறது: சரிபாதியாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். முன்பு எப்போதும் மேலே போகும். புள்ளிவிவரக்காரர்களுக்கு நல்ல விதிதான், பால் ஊற்றுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பணம் வரும் இடத்திலெல்லாம் டெசிமல் (துல்லியமான தசம எண் வகை) போட்டு, ஐம்பது பைசா மேலே என்று கைப்பட எழுதிவிட்டேன்.

நகரியிலிருந்து (ஆந்திரா):

அண்ணா, நல்லவேளை சொன்னீர்கள், எங்கள் கூலி கணக்கிலும் ரவுண்ட் இருக்கிறது. இன்றைக்கே பார்க்கிறேன்.

எங்களுடையது விசைத்தறிக்காரர் லிஸ்ட். ஊர்ப் பெயர் எழுதாதவர்களை பைத்தான் 2 கேள்வி கேட்காமல் வரிசையின் தலையில் போட்டுவிடும். 3-இல் வெற்று மதிப்பையும் எழுத்தையும் ஒப்பிட முடியாது என்று பக்கமே திறக்கவில்லை. இது நீங்கள் சொன்ன நல்ல வகை, சீக்கிரம் சரியானது.

ரசீதுதான் பாடாய்ப் படுத்தியது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ், தெலுங்கு இரண்டுக்குமே ஒரு குறிக்கு 3 பைட். பழைய மொழி பைட்டை எண்ணும், புதியது குறியை எண்ணும். 'பால்' என்பதன் (ப, துணைக்கால், ல, புள்ளி) நீளம் பழைய மொழியில் 12, புதியதில் 4. பெயரை 30-இல் வெட்டு என்று எழுதியிருந்தால் முன்பு 10 குறிதான் வரும். நடுவில் ஒரு இடைவெளி இருந்தால் கடைசிக் குறி பாதியில் அறுந்து கேள்விக்குறியாக விழும். அதையே பல வருஷம் பிரிண்டர் கோளாறு என்று நம்பினார்கள். மாற்றிய பிறகு முழுப் பெயரும் வந்து கூலித் தொகைமேல் ஏறிக்கொண்டது. இப்போது 14 என்று வைத்திருக்கிறேன்.

வாளையாரிலிருந்து (கேரளம்):

மலையாளப் பெயர்கள் வைத்திருப்பவர்கள் தேடலையும் பாருங்கள். இது பைத்தான் செய்த பாவம் இல்லை, டேட்டாவைப் பெயர்க்கும்போது கண்ணில் பட்டது. சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத சில மெய்களுக்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவங்கள்) தனிக் குறியீடு, எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யுனிகோடு தரத்தின் 5.1-இல், 2008-இல்தான் வந்தது. அதற்கு முன் மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்பானைச் சேர்த்து எழுதுவார்கள். எங்கள் லிஸ்ட்டில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. திரையில் ஒன்று போலவே இருக்கும், தேடினால் ஆள் இல்லை என்று வரும். யுனிகோடு நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்தாலும் இவை ஒன்றாகாது. பழைய வடிவத்தைப் புதியதாக்க ஒரு சின்ன அட்டவணை எழுதி, சேமிக்கும்போதும் தேடும்போதும் அதன் வழியாகவே விடுகிறோம்.