மூன்று நிமிடத்தில் ஒருவரை பிரஷர் நோயாளி ஆக்கலாமா?

வைகைக்கரை:
என் அம்மாவுக்கு 58 வயது. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. களை பறித்துவிட்டு வந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அங்கே போய் வரிசையில் நின்றிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்த உடனே கையில் பட்டையைச் சுற்றினார்கள். 154/96. இரண்டு நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபடியும் ஒரே ஒரு முறை. 150/94. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, 5 மில்லிகிராம், தினமும் ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

இரண்டே மாதத்தில் கணுக்கால் வீங்கியது. பயந்துபோய் பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நீர் இறங்குவதற்கு என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு முன், விடியற்காலையில் எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டு மாத்திரையையும் நானே நிறுத்திவிட்டேன்.

நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருத்தியை இரண்டு எண்களை மட்டும் பார்த்து நோயாளி ஆக்கியது சரியா? மருத்துவம் தெரிந்தவர்கள் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

மலையடிவார மருத்துவர்:
நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுகிறேன். அம்மா விழுந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் முகாமையும் சுகாதார நிலையத்தையும் நீங்கள் குற்றம் சொல்வதை ஏற்க மாட்டேன். இரண்டு வெவ்வேறு நாளில் பார்த்தபோதும் 140/90-க்கு மேல் இருந்திருக்கிறது. அதை உயர் ரத்த அழுத்தம் என்று எழுதுவதில் தவறில்லை. அம்லோடிபினில் தொடங்கியதும் சரிதான். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், விலை குறைவு, தொடங்குவதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை கட்டாயம் இல்லை. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் அதை முதல் மருந்தாக வைத்ததற்கும் இவையெல்லாம்தான் காரணம்.

தவறு எங்கே நடந்தது என்றால், வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்த இடத்தில். அம்லோடிபின் நுண்ணிய தமனிகளை விரிக்கும், சிரைகளை அந்த அளவுக்கு விரிக்காது. அதனால் கணுக்காலில் நீர் கசிந்து தங்குகிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை அது. நீர் மாத்திரையால் அது வடியாது, நின்றால் தலைதான் சுற்றும். அம்லோடிபின் அளவைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது மருந்தை மாற்றியிருக்க வேண்டும்.

நீங்களாக நிறுத்தியதும் சரியில்லை. அழுத்தம் 180/110-ஐத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

செம்மண்:
வைகைக்கரை அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. என் அப்பா லாரி ஓட்டுநர். 46 வயதில் ஒரு பரிசோதனையில் 170/104 இருக்கிறது என்று சொன்னார்கள். "எனக்குத் தலைவலிகூட இல்லையே" என்று சொல்லி மாத்திரையைத் தொடவில்லை. ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை. 52 வயதில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. வலது கையும் காலும் போய்விட்டன. என்னைப் பார்க்கிறார், யார் என்று தெரிகிறது, பெயர்தான் வாயில் வருவதில்லை. யாராவது மூன்று நிமிடத்தில் முடிவு செய்து அவர் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டிருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

வைகைக்கரை:
தங்கை, படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருந்தது 170. என் அம்மாவுக்கு 150-ஐ ஒட்டித்தான், அதிலும் முதல் அளவு வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த கையோடு. இரண்டு பேரும் ஒரே மாதிரி நோயாளிகளா? 170-ஐ விட்டுவிட்டது தவறு என்பதற்காக 150-ஐ உட்காரவைத்துப் பார்க்காமல் விட்டது சரியாகிவிடாது.

துணைநிலையச் செவிலி:
பதினோரு வருடமாகத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். டாக்டர் ஐயா சொன்ன மருத்துவத்தில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த 154-ஐ யார், எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. சிறுநீர் கழித்திருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைக்க வேண்டும், தொங்கவிட்டால் கூடிக் காட்டும். நம் ஊரில் பெண்களுக்குப் பெரும்பாலும் ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். மறைவான இடம் இல்லாததால் அவர்களும் கையை விலக்கிக் காட்டத் தயங்குகிறார்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் வரும். பார்க்கும்போது "என்னம்மா, மகன் வந்தானா?" என்று நாமே பேச்சுக் கொடுப்போம். பேசினாலே பத்துப் புள்ளி வரை ஏறலாம். பின் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். இதில் ஒன்றுமே செய்யாமல் எடுத்த 154 உண்மையில் 138 ஆகவும் இருக்கலாம், 154 ஆகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

தம்பி, ஒன்று கேட்கிறேன். அம்மா வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கடையில் கேட்டு வாங்குவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மலையடிவார மருத்துவர்:
சகோதரி, நீங்கள் சொல்வது எல்லாம் பாடத்தில் இருக்கிறது. என் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு நாளைக்கு 150 பேர். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். எங்களிடம் இருப்பது இரண்டு பெஞ்சு. உட்கார்ந்தால் வரிசையில் இடம் போய்விடும் என்று எல்லோரும் நிற்கிறார்கள்.

"அடுத்த வாரம் வாருங்கள், மறுபடியும் பார்த்து முடிவு செய்யலாம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை. ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வீட்டில் கைக்குழந்தை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த, தொற்றா நோய்கள் பற்றிய ஸ்டெப்ஸ் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மீதி 93 பேரை நினைத்துத்தான் நான் மாத்திரை எழுதுகிறேன். தேவையில்லாத ஒருவருக்குக் கொடுத்தால் கால் வீங்கும். தேவையான ஒருவருக்குக் கொடுக்காமல் விட்டால் செம்மண் வீட்டில் நடந்தது நடக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

துணைநிலையச் செவிலி:
ஐயா, நோயாளி ஓய்வெடுக்கும் ஐந்து நிமிடம் உங்கள் நேரம் இல்லை, அவருடைய நேரம். டோக்கன் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னால் போதும், யாருடைய இடமும் போகாது. எங்கள் நிலையத்தில் நான்கு நாற்காலிகளைச் சுவரோரம் போட்டேன். அவ்வளவுதான் செலவு.

"மறுபடியும் வரமாட்டார்கள்" என்பது பழைய காலத்துக் கவலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே போய் பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரையோடு போகிற கால், மாத்திரைக்கு முன்னால் இன்னும் இரண்டு முறை போகட்டுமே. வீட்டுத் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற அளவு, உங்கள் வரிசையில் எடுக்கிற அளவைவிட உண்மையானது.

மலையடிவார மருத்துவர்:
தன்னார்வலரின் கருவி சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒரு முறையாவது யார் சரிபார்ப்பது? அதற்குப் பதில் சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

கீரைப்பாத்தி:
இவ்வளவு விவாதமே வேண்டாம். பிரஷர் மாத்திரை ஒரு முறை தொடங்கினால் நிறுத்தவே முடியாது, உடம்பு அதற்கு அடிமையாகிவிடும். முருங்கைக்கீரை, பூண்டு, சீரகத் தண்ணீர் போதும். நம் முன்னோர்கள் மாத்திரையா சாப்பிட்டார்கள்?

செம்மண்:
ஆறு வருடம் என் அப்பா சாப்பிட்டது முருங்கைக்கீரையும் பூண்டும்தான். தயவுசெய்து இதை இங்கே எழுதாதீர்கள்.

மலையடிவார மருத்துவர்:
கீரை நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் கீரையோடு தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. அடிமையாகிவிடும் என்பது தவறு. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதற்குக் காரணம், நோய் அங்கேயே இருப்பது. எடையும் உப்பும் குறைந்து, மாத்திரையை நானே குறைத்த நோயாளிகள் உண்டு.

வைகைக்கரை:
செவிலி அக்கா கேட்டதற்காக நேற்று ஊருக்கு வந்தேன். அம்மா முதலில் "வேறு ஒன்றும் இல்லை" என்றார். பிறகு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தார். முட்டி வலிக்கு டவுன் மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை, ஆறு மாதமாகக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மணிக்கட்டு முறிந்த பிறகு மூன்று. அட்டையில் டைக்ளோபினாக் 50, பாராசிட்டமால் என்று இருக்கிறது. இது சாதாரண வலி மாத்திரைதானே?

மருந்துச்சீட்டு:
சாதாரணம் இல்லை. நான் மருந்துக் கடை நடத்துகிறேன். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், காலையும் வீங்கவைக்கும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் குறைக்கலாம். நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து இது. கடைக்காரர்கள் நாங்கள் கொடுக்கிறோம். முட்டியைத் தடவிக்கொண்டே வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல் நானும் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நான் கொடுக்கவில்லை என்றாலும் இதைப் படித்ததும் நெஞ்சு அடைத்தது.

மலையடிவார மருத்துவர்:
வைகைக்கரை, டைக்ளோபினாக்கை இன்றே நிறுத்துங்கள். வலிக்குத் தனிப் பாராசிட்டமால் போதும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), பொட்டாசியம், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் பாருங்கள். மேல் கையில் சுற்றுகிற தானியங்கிக் கருவி ஒன்று வாங்கி, ஏழு நாள் காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்க வேண்டும். வீட்டு அளவுக்கு எல்லை 135/85.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் இருந்திருந்தாலும், "முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்க மாட்டேன். என் 150 பேரில் எத்தனை பேரிடம் இப்படி ஒரு மஞ்சள் பை இருக்கும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கிரியாட்டினின் 0.9, சர்க்கரை 98, பொட்டாசியமும் சரியாக இருக்கிறது. முதல் நாள் 160/96. அதை விட்டுவிட்டு மற்ற ஆறு நாள் சராசரி 146/88. கால் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது. அப்படியென்றால் அம்மாவுக்கு உண்மையிலேயே பிரஷர் இருக்கிறதா?

மலையடிவார மருத்துவர்:
இருக்கிறது. காரணத்தில் ஒரு பங்கு வலி மாத்திரையாக இருந்திருக்கலாம், முழுவதும் அது இல்லை. டெல்மிசார்டன் 40 என்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரையைத் தொடங்கி, இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடியும் பார்க்கச் சொல்வேன்.

துணைநிலையச் செவிலி:
நான் இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன். ஆறு மாதம் சாப்பிட்ட வலி மாத்திரையை விட்டு ஒன்பது நாள்தான் ஆகிறது. கை வலியும் இருக்கிறது, வலியே பிரஷரை ஏற்றும். உப்பைக் குறைக்கட்டும், எண்கள் இறங்குகின்றனவா என்று பார்ப்போம்.

செம்மண்:
பொறுக்க வேண்டாம் அண்ணா. மூன்று நிமிடத்தில் கொடுத்தது தவறாக இருக்கலாம். இப்போது ஒரு வாரம் பார்த்துவிட்டீர்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்?

வைகைக்கரை:
திங்கட்கிழமை அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். எழுதிய தாளையும் மஞ்சள் பையையும் கொண்டுபோய் மேசையில் வைத்துப் பேசப்போகிறேன். அங்கிருக்கும் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேட்பேன்.

துணைநிலையச் செவிலி:
நல்லது தம்பி. எந்தக் கையில் பார்த்தீர்கள்?

வைகைக்கரை:
வலது கையில். இடது கையில் மாவுக்கட்டு இருக்கிறது அக்கா. முகாமிலும் சுகாதார நிலையத்திலும் இடது கையில்தான் பார்த்ததாக அம்மா சொல்கிறார்.

துணைநிலையச் செவிலி:
அதையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டுப் பிரித்ததும் இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கையில் அதிகமாகக் காட்டுகிறதோ, இனி எப்போதும் அந்தக் கையில்தான் பார்க்க வேண்டும்.