பிறந்த குழந்தையின் கண்ணில் இடும் மருந்து: பெயர் வேண்டும், அவசரம்

(கலைச்சொல் தேடும் மும்பைத் தமிழர் உரையாடல்; பேசுவோர் அவரவர் பகுதியின் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

தாராவி:
செவிலியர் வகுப்புக் குறிப்பும் தாய்மாருக்கான துண்டறிக்கையும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. மராத்தி, இந்திப் பக்கங்கள் தயார். தமிழுக்குத் தலைப்பில்லை. பிறப்பின்போது கண்ணில் தொற்றும் நோயைத் தடுக்க இடும் மருந்து இது. செய்முறை: பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், இமைகளை ஈரப் பஞ்சால் உள்மூலையிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து (கண்ணுக்கொரு பஞ்சு), கீழிமையை இறக்கி, 0.5% எரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி) களிம்பை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தடவ வேண்டும். குழாய் நுனி கண்ணில் படக்கூடாது. ஒரு நிமிடம் கழித்து வழிந்ததைத் துடைக்கலாம், கழுவக்கூடாது. 'கண் தடுப்பு மருந்து' சரியா?

மாட்டுங்கா:
பார்வையைத் தடுக்கும் மருந்தா? தடுப்பு என்றாலே ஊசியைத் தேடுவார்கள். பிள்ளைத்தமிழே காப்புப் பருவத்தில்தானே தொடங்குகிறது! 'குழவிக் கண்காப்பு' என்க. 'குழந்தை' வேண்டாம், மக்களுக்குரிய இளமைப் பெயர்களாகத் தொல்காப்பியம் குழவி, மகவு இரண்டையே தருகிறது.

செம்பூர்:
யானைக்கன்றுக்கும் அதே குழவிதான் ஐயா! தாய்மாருக்கோ அம்மிக்குழவி. 'கண்காப்பு' இன்னும் மோசம்: திருஷ்டி கழிக்கிறார்கள் என்றெண்ணி வீட்டில் மை தீட்டுவார்கள். மையில் ஈயம் இருக்கக்கூடும்.

முலுண்ட்:
சித்த மருத்துவத்தில் கண்ணில் இடும் மருந்துக்குக் 'கலிக்கம்' என்ற சொல் உண்டே. 'முற்கலிக்கம்'? லைப்சிக்கில் மகப்பேறு மருத்துவர் கிரெடே 1880இல் இதே நோக்கத்துக்காகத் தொடங்கிய 2% வெள்ளி நைட்ரேட் சொட்டுக்கும் பொருந்தும்.

தாராவி:
அச்சகத்தில் அது 'கண்கலக்கம்' ஆகிவிடும்.

செம்பூர்:
அந்த வெள்ளி நைட்ரேட்டே முதல் நாளில் கண்ணைச் சிவக்கவைக்கும். பல நாடுகள் கைவிட்டுவிட்டன. விஷயத்துக்கு வருவோம். பிறப்புப் பாதையில் தாயிடமிருந்து தொற்றும் பால்வினை நோயான கொனோரியா 2 முதல் 5 நாளில் கண்ணில் சீழாக வரும். கருவிழியில் ஓட்டை விழுந்து பார்வையே போகலாம். அப்படியே தொற்றும் இன்னொரு பால்வினை நோயான கிளமிடியா 5 முதல் 14 நாளில்; அதைக் களிம்பு உறுதியாகத் தடுப்பதில்லை. தாய்க்குரிய துண்டறிக்கையில் 'காப்பு' என்று வாக்குக் கொடுத்தால், சீழ் வந்தாலும் 'மருந்துதான் போட்டாயிற்றே' என்று இருந்துவிடுவார்கள். சீழ் வந்தபின் களிம்பு போதாது, ஊசி மருந்து வேண்டும். 'தடவ' என்பதையும் மாற்றுங்கள், இமைமேல் பூசிவிடுவார்கள். 'உள்ளே இட' என்று எழுதுங்கள்.

முலுண்ட்:
டாக்டர் சொன்னபின் பேச்சென்ன. செவிலியருக்கு 'கண் முற்காப்பு' இருக்கட்டும். கலிக்கத்தை அடுத்த கலைச்சொல் தொகுதிக்கு வைத்திருங்கள்.

தாராவி:
துண்டறிக்கையில் 'பிறந்தவுடன் கண்ணில் மருந்து இடுதல்', குறிப்பில் 'கண் முற்காப்பு'. அனுப்பிவிட்டேன்.

மாட்டுங்கா:
முன்னது சொற்றொடர், கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: செம்பில் ஏறும் களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்கிறது. அதையா குழவியின் கண்ணில் இடுவது?