ஹேஸ் செலக்டர்: எலிமென்ட் பிறகு செருகப்பட்டால் ஸ்டைல் மாறவில்லை, உதவி தேவை

சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதும் தனி பிரவுசர் எஞ்சினில் போன மாதத்திலிருந்து சிஎஸ்எஸ் ஹேஸ் செலக்டரை (ஒரு எலிமென்ட்டின் உள்ளேயோ அடுத்தோ என்ன இருக்கிறது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுப்பது) சேர்த்து வருகிறேன். 2022இலேயே சஃபாரி 15.4, குரோம் 105 இரண்டிலும் வந்துவிட்டது, இது இல்லாமல் நிறைய பக்கங்கள் உடைகின்றன. பார்சிங் (செலக்டரைப் படித்துப் பிரிப்பது) சரி, பக்கம் திறக்கும்போது ஸ்டைலும் சரி. ஜாவாஸ்கிரிப்ட் எதையாவது மாற்றினால்தான் சிக்கல்.

முதலில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தின் முழு எலிமென்ட் மரத்துக்கும் ஸ்டைலைத் திரும்பக் கணக்கிட்டேன். ஸ்டைல் மாறுகிறது, ஆனால் பெரிய பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் திணறுகிறது. அப்புறம் ஹேஸ் சோதித்த எலிமென்ட்டில் ஒரு ஃபிளாக் (அடையாளக் குறி) வைத்து, மாற்றம் வந்த இடத்திலிருந்து பெற்றோர் வழியே மேலேறி, ஃபிளாக் உள்ளவற்றை மட்டும் கணக்கிட்டேன். உள்ளே இருப்பவற்றுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் ஹேஸுக்குள் பிளஸ் குறி (ஒரே பெற்றோரின் கீழ் ஒட்டி அடுத்து வரும் எலிமென்ட்டை, அதாவது உடன்பிறப்பைக் குறிப்பது) வந்து, தலைப்புக்கு அடுத்து ஒரு பத்தி பிறகு செருகப்பட்டால், தலைப்பு அந்தப் பாதையிலேயே இல்லாததால் தப்பிவிடுகிறது.

முன்னால் உள்ள எல்லா உடன்பிறப்புகளையும் துழாவாமல் இதைப் பிடிக்க ஃபிளாக்கை எங்கே வைப்பது?