கேரட் பூனைக்கு நம் வீட்டுப் படம்

அக்கா மகள்: சித்தி, படம் முடிந்தது! பெப்பரும் கேரட்டும் 🧡

அக்கா மகள்: (படம்)

அம்மா: என் கண்ணே! பூனையின் வாலைப் பார்த்தால் இப்போதே ஆட்டும் போல இருக்கிறது.

தம்பி: செம! மந்திர மருந்துப் போட்டி அத்தியாயத்தில் வரும் கட்டம்தானே இது?

அக்கா மகள்: ஆமாம் மாமா. டேப்லெட்டில் அந்தக் கட்டத்தைத் திறந்து, மேலே தாளை வைத்து வரைந்தேன்.

சித்தப்பா: யாரம்மா இந்தப் பெப்பர்? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள்.

நான்: சித்தப்பா, டேவிட் ரெவ்வா என்ற பிரெஞ்சு ஓவியர் 2014 மே மாதம் இணையத்தில் தொடங்கிய சித்திரக்கதை, பெப்பர் அண்ட் கேரட். பெப்பர் ஒரு இளம் சூனியக்காரி, கேரட் அவளுடைய ஆரஞ்சு நிறப் பூனை. ஹெரேவா என்று ஒரு கற்பனை உலகத்தில் கதை நடக்கிறது. எல்லா அத்தியாயமும் இலவசம், விளம்பரமும் கிடையாது. விருப்பப்பட்ட வாசகர்கள் தரும் பணத்தில்தான் அவர் வரைகிறார். இவளும் நானும் விடாமல் படிக்கிறோம். இத்தனை வருடம் ஓடிய கதைக்கு ஒரு ரசிகர் ஓவியம் வரைந்து அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சித்தப்பா: பத்து வருடத்துக்கு மேல் ஒரே கதையா! பெரிய விஷயம்தான்.

அக்கா: நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கண்ணுக்கே எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் தெரியுமா!

நான்: தெரிகிறது அக்கா, கோடு நன்றாக நிற்கிறது. பாப்பா, இந்தப் படத்தை உன் நோட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொள். பார்த்து வரைந்தால்தான் கை பழகும். ஆனால் அவருக்கு அனுப்ப இன்னொன்று வரை. இந்தக் கட்டத்தை அவர் ஏற்கெனவே வரைந்துவிட்டார். நீ படிக்கும்போது உன் மனதில் என்ன ஓடியது என்பதை அவர் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை இடைவெளி இருக்கிறதே, அதற்குள் என்ன நடந்திருக்கும்? அத்தியாயம் முடிந்த மறுநாள் காலையில் கேரட் என்ன செய்திருப்பான்? அதை வரை.

அக்கா மகள்: அது கதையில் இல்லையே சித்தி. தப்பாகிவிட்டால்?

நான்: அதில் தப்பே கிடையாது. கேரட் கேரட் மாதிரி நடந்துகொண்டால் போதும். அவன் எதைப் பார்த்தால் பயப்படுவான், எதைத் தட்டிவிடுவான் என்று உனக்குத் தெரியாதா என்ன?

அக்கா மகள்: தெரியும்!! அப்படியென்றால் அந்தப் போட்டியையே வைத்துக்கொள்கிறேன். செத்துப்போன கேனரிப் பறவையைக் கொரியாண்டர் என்ற சூனியக்காரி தன் மருந்தால் எழுப்புவாள், அப்புறம் ஷிச்சிமி என்ற இன்னொரு சூனியக்காரியின் மருந்து பட்டு அது ராட்சதப் பறவை ஆகிவிடும். மறுநாள் கேரட் அந்தப் பறவையின் இறகு ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அவனைவிடப் பெரிய இறகு!

தம்பி: அடடா, இதுதான் படம்!

அம்மா: எனக்கே பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வரைடா செல்லம்.

நான்: அருமை. ஒன்று மட்டும் கவனி. இவ்வளவு நீண்ட கதையில் ஓவியரின் கை மாறிக்கொண்டே வரும். முகத்தின் அளவு, தலைமுடி, உடை எல்லாம் மெல்ல மாறும். அதனால் ஒரே அத்தியாயத்திலிருந்து மாதிரி எடு. அந்தப் போட்டி வரும் ஆறாவது அத்தியாயத்துக் கதை என்றால் அந்தக் காலத்துக் கேரட்தான் வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று அவனைச் சின்னதாகப் பலமுறை வரைந்து பார். அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு வரை.

தம்பி: இன்னொரு நல்ல விஷயம். அவர் வரைவது கிரிட்டா என்ற இலவச மென்பொருளில். லேயர் லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய கண்ணாடித் தாள்கள் போலப் பிரித்த மூலக் கோப்புகளையே தளத்தில் கொடுத்திருக்கிறார். இறக்கித் திறந்தால், ஆரஞ்சு ரோமத்தின் மேல் எந்த நிறத்தில் நிழல் போட்டிருக்கிறார் என்று நேராகவே பார்க்கலாம். நம் கணினியிலும் கிரிட்டாவைப் போட்டுத் தருகிறேன்.

அக்கா: இவள் பென்சிலில்தானே வரைவாள்?

தம்பி: பரவாயில்லை அக்கா. தாளை ஸ்கேன் செய்து கிரிட்டாவில் மேல் லேயராக வைத்து, அது கீழ் லேயரோடு கலக்கும் முறையை மல்டிப்ளை என்று மாற்றினால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். அதற்குக் கீழே நிறம் தீட்டலாம். ஏ4 அளவில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480 × 3508 பிக்சல். பின்னால் அச்சிட்டாலும் கலங்காது.

சித்தப்பா: அச்சிடலாம் என்கிறாய். அடுத்தவருடைய கதாபாத்திரத்தை நாம் சட்டையில் போட்டால் கேட்க மாட்டார்களா?

நான்: நல்ல கேள்வி சித்தப்பா. இந்தக் கதையில் மாட்டார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0, சுருக்கமாகச் சிசி பிஒய், என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார். யாரும் மாற்றலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். அவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, என்ன மாற்றினோம் என்றும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லாச் சித்திரக்கதையும் இப்படி இல்லை. 2005 முதல் ஓடும் எக்ஸ்கேசிடி இருக்கிறதே, குச்சி மனிதர்கள் வருவார்களே, அதன் உரிமம் வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். பல கதைகளுக்கு இந்த மாதிரி உரிமமே கிடையாது. அங்கே ரசிகர் ஓவியம் பற்றி ஓவியர் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் படிக்க வேண்டும். விற்பதாக இருந்தால் கேட்டே ஆக வேண்டும்.

சித்தப்பா: சரி, புரிந்தது. பெயர் போடுவதுதான் மரியாதை.

அக்கா மகள்: படத்தின் கீழே என்ன எழுத வேண்டும் சித்தி?

நான்: “பெப்பர் அண்ட் கேரட் கதாபாத்திரங்கள்: டேவிட் ரெவ்வா. உரிமம்: சிசி பிஒய் 4.0. ரசிகர் ஓவியம்:” என்று எழுதி உன் பெயர். கூடவே ஒரு வரி கடிதமும் எழுது. எந்த இடம் உனக்குப் பிடித்தது என்று சரியாகச் சொல். “உங்கள் கதை நன்றாக இருக்கிறது” என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்தப் பறவை உன்னை இவ்வளவு நாள் விடவில்லை என்று நீதான் எழுத முடியும்.

அக்கா மகள்: (படம்)

அக்கா மகள்: அவசரமாகப் போட்டது. இறகு, கேரட், பின்னால் பறவை.

அம்மா: கேரட்டின் முகத்தைப் பாருங்கள்! பயமும் ஆசையும் ஒன்றாக இருக்கிறது.

நான்: முகம் பிரமாதம்! அதைத் தொடாதே. ஆனால் பறவை முழுதும் தாளுக்குள் அடங்கிவிட்டதால் சின்னதாகத் தெரிகிறது. ஒரு கால் மட்டும் ஓரத்தில் வரட்டும், மீதி தாளுக்கு வெளியே போகட்டும். அப்போதுதான் ராட்சதப் பறவை. இறகின் நிழல் கேரட்டின் மேல் விழ வேண்டும்.

அக்கா மகள்: ஓ! நகம் மட்டும் தெரிந்தால்கூடப் போதும் இல்லையா?

நான்: நகம் போதும். இன்னும் நல்லது.

அக்கா மகள்: இன்றைக்கே மாற்றி வரைகிறேன். அம்மா, மேசை விளக்கு எனக்கு வேண்டும்.

அக்கா: எடுத்துக்கொள். வீட்டுப்பாடம் முடித்துவிட்டு.

தம்பி: முடிந்ததும் இங்கே ஃபோட்டோவாக அனுப்பாதே, வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பு, பிஎன்ஜி கோப்பாக.