ஃபோர்டு மாடல் டி: மேட்டில் ரிவர்ஸில் ஏற்றினார்களா?

ஸ்பானர்:
ஹென்றி ஃபோர்டின் மாடல் டி பற்றி இரண்டு சந்தேகம். செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்களாமே, உண்மையா? ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டில் சுற்றும்போது கை உடையும் என்கிறார்களே, ஏன்?

பழையவண்டி:
உண்மைதான். அதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டாங்க் சீட்டுக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து தானாக வழிந்துதான் கார்புரேட்டருக்கு வரும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து மூக்கு மேலே தூக்கினால் வழியாது, இன்ஜின் அணைந்துவிடும். பின்பக்கமாக ஏறினால் டாங்க் உயரத்துக்கு வந்துவிடும். போதாததற்கு லோ கியர் 2.75-க்கு 1, ரிவர்ஸ் 4-க்கு 1. இழுவையும் கூடுதல்.

கை உடைவது ஸ்பார்க்கால். ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஸ்பார்க் லீவர் (பொறி விழும் நேரத்தை முன்பின் மாற்றுவது), வலப்பக்கம் த்ராட்டில் லீவர் (ஆக்ஸிலரேட்டர்). ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளிவிட்டுத்தான் ஹேண்டிலைத் தொட வேண்டும். மறந்தால் பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே வெடித்து, ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அடிக்கும். இடது கையால் பிடித்து, கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். சுற்றிப் பிடித்தால் அதுதான் முதலில் போகும்.

இன்னொரு ஆபத்து: குளிரில் ஆயில் கெட்டியாகி கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆனதும் வண்டி ஆள்மேல் நகர்ந்து வரும். ஹேண்ட்பிரேக் லீவரை முழுக்கப் பின்னால் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். குளிர் அதிகமென்றால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிடுவார்கள்.

கிராங்க்கேஸ்:
பம்ப் இல்லாததுதான் ஃபோர்டின் மூளையே. முதல் 2,500 வண்டிகளில் வாட்டர் பம்ப் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டரில் ஆறி இறங்கும். ஆயில் பம்ப்பும் இல்லை, இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் வாரி இறைப்பதுதான். அதனால் நீண்ட ஏற்றத்தில் முன்பேரிங்குக்கு ஆயில் போகாமல் தேய்ந்துவிடும். ஆயில் அளவு பார்க்க கீழே இரண்டு குழாய்கள் உண்டு. மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பாகம் குறைந்ததால் பூட்டுவது சுலபம். 1913-ல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் வண்டிகள் நகர நகரப் பூட்டும் வரிசை வந்தபின், சேஸிஸ் (அடிச்சட்டம்) பூட்டும் நேரம் 12 மணி நேரத்துக்கு மேலிருந்து 93 நிமிடத்துக்கு இறங்கியது. 1908-ல் 850 டாலருக்கு வந்த வண்டி, 1920-களில் 300-க்கும் கீழே. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். ஆனால் அந்த வரிசையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல் ஆட்கள் வேலையை விட்டு ஓடினார்கள். 1914-ல் நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்ததற்கு அது முக்கியக் காரணம். அவருடைய பத்திரிகை யூதர்கள்மீது கக்கிய வெறுப்பையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

ஸ்பானர்:
நன்றி. மூன்று பெடலில் பிரேக் எது?

பழையவண்டி:
வலது கடைசி. நடுவில் ரிவர்ஸ், இடது கிளட்ச். அதை முழுக்க மிதித்தால் லோ, விட்டால் டாப். வலது பெடல் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பெட்டிக்குள் இருக்கும் டிரம்மைத்தான் பிடிக்கும். அதன் பட்டை துணியால் ஆனது; இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் கருகிவிடும். லோவில் இறக்குங்கள்.